வீட்டுக்கும் ஒத்திகை பார்த்த பி.டி. டீச்சர்

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் மயங்கி விழுவதற்குக்கூட ஒத்திகை உண்டு. அணிவகுப்பில் வெயில் தாங்காமல் ஒருவன் சாய்ந்தால் பக்கத்தில் நிற்பவன் எந்தக் கையால் பிடிக்க வேண்டும், பின்னால் நிற்பவன் எப்படி இடத்தை நிரப்ப வேண்டும் என்பதை எல்லாம் பி.டி. டீச்சர் ஒரு வாரம் முன்பே விசில் ஊதிப் பழக்கிவிடுவார். ஒத்திகைக்கு விழ ஒரு ஆள் வேண்டுமே? இடது கால் எது, வலது கால் எது என்ற குழப்பத்தில் முழு அணிவகுப்பையும் கெடுக்கும் திறமை எனக்கு இருந்ததால், அந்தப் பதவி எனக்கு வந்தது. எட்டாவது முதல் பத்தாவது வரை மூன்று வருடம் பள்ளியின் அதிகாரபூர்வ மயக்கம் நான்தான்.

"ஏலே, கட்டை மாதிரி விழாத. முட்டி மொதல்ல மடங்கணும். மயங்குறதுல உனக்கு என்னலே இம்புட்டு கஷ்டம்?"

விழா அன்று ஒருத்தனும் மயங்கியதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

"எதுவும் மொத தடவையா அன்னைக்கே நடக்கக் கூடாது." டீச்சரிடம் இருந்த ஒரே கொள்கை இது. மகளுக்குக் கல்யாணம் என்றபோது மாதா கோயிலில் பீடம் வரை நடக்கும் நடையை மூன்று சாயங்காலம் பழக்கினாராம். மாப்பிள்ளை குஜிலியம்பாறைப் பக்கம். அவர் வர முடியாததால் மாப்பிள்ளை இடத்தில் தன் வீட்டுக்காரரையே நிறுத்தினார். "என் கல்யாணத்துக்குக்கூட நான் இம்புட்டு நேரம் நிக்கலப்பா" என்று அந்த மனிதர் எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். பஸ்ஸில் ஊருக்குப் போவதென்றால் முந்தின நாளே பைகளைத் தூக்கிக்கொண்டு வாசலில் இருந்து தெருமுனை வரை ஒரு நடை போய்த் திரும்பி வருவார்கள். எந்தப் பை கனக்கிறது என்று பார்க்க. தெருவே வேடிக்கை பார்க்கும். டீச்சருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நான் பி.இ. சிவில் முடித்தேன். ஒழுங்காக முடித்தேன் என்று சொல்லவில்லை, முடித்தேன். அரியர் எல்லாம் எழுதி ஒருவழியாக வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு இன்ஜினியர் ஆபீசில் சேர்ந்தேன். அங்கே என் வேலை கம்ப்யூட்டரில் 3டி படம் போடுவது. ஆறு மாதத்தில் திண்டுக்கல்லையே மாற்றிக் கட்டப் போகிறவன் நான்தான் என்று எனக்குள் ஒரு முடிவு ஆகியிருந்தது. அப்போதுதான் ஒரு நாள் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு டீச்சர் உள்ளே வந்தார். அதே கேன்வாஸ் ஷூ, சேலைக்கு மேலே கழுத்தில் அதே விசில்.

"ஏலே, மயக்கம்! நீயா இன்ஜினியரு?"

ஆபீசில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அதன்பிறகு அங்கே எனக்குப் பெயர் மயக்கம்தான்.

விஷயத்தை அவர் சுற்றி வளைக்கவில்லை. வீட்டுக்காரருக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. வேடசந்தூர் பக்கம் மில்லில் ஃபிட்டராக இருந்தவர். மெஷினுக்குள் கையை விட்டு இரண்டு முறை தப்பித்து, மூன்றாவது முறைக்குக் காத்திருக்காமல் வேலையை விட்டுவிட்டார். மதுரை டாக்டர் சொன்னபடி பார்த்தால் இன்னும் ஒரு வருடம், ஒன்றரை வருடம். அதற்குள் மேட்டுப்பட்டி வீட்டை அவருக்கு ஏற்ற மாதிரி மாற்ற வேண்டும்.

"கண்ணு கொஞ்சமாச்சும் இருக்கும்போதே வீடு முடிஞ்சிரணும். அப்பத்தான் பாத்துப் பாத்துப் பழகிக்குவாரு. முழுசாப் போனப்பறம் வீட்டை மாத்துனா, சொந்த வீட்டுலயே விருந்தாளி மாதிரி தடவிக்கிட்டு நிப்பாரு. தப்பாக் கட்டிட்டா மறுபடி இடிச்சுக் கட்ட அவருக்குக் கண்ணும் இருக்காது, எனக்குத் தெம்பும் இருக்காது. புரியுதா?"

புரிந்தது என்றேன். எனக்கு எதுவும் உடனே புரிந்துவிடும். அதுதான் என் பிரச்சினை.

வீடு ரயில் பெட்டி மாதிரி. முன்னறை, படுக்கும் அறை, சமையலறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரிசை. ஒவ்வொரு அறைக்கும் நடுவில் ஒரு குறுக்குச் சுவர், நடுவாக ஒரு வாசல், வாசலுக்குக் கீழே கால் தடுக்கும் உயரத்தில் நிலைப்படி. கடைசியில் திறந்த கொல்லை, அதன் மூலையில் பாத்ரூம். என் மூளை மின்னல் வேகத்தில் வேலை செய்தது. கண் தெரியாதவருக்கு என்ன பிரச்சினை? இடித்துக்கொள்வது. இடிப்பது எதில்? சுவரில். அப்படியென்றால் சுவரே வேண்டாம்! குறுக்குச் சுவர்களை எல்லாம் எடுத்துவிட்டு, மேலே பீம் கொடுத்து, மொத்த வீட்டையும் ஒரே ஹாலாக்கினேன். நடுவில் நாலு பக்கமும் சுற்றி வரும்படி ஒரு சமையல் மேடை. அதற்கு ஐலண்ட் கிச்சன் என்று பெயர். படத்தில் வெள்ளை சோபா போட்டேன். ஜன்னலில் கடல் தெரிந்தது. ரெடிமேடாக வந்த கடல் அது, எனக்கு எடுக்கத் தெரியவில்லை. மேட்டுப்பட்டியில் கடல்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். டீச்சர் தட்டில் சிறுமலைப் பழம் கொண்டுவந்து வைத்தார். அவர் வீட்டுக்காரர், எனக்கு அங்கிள், திரைக்கு ரொம்பப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், தலையை மெல்ல நகர்த்தி நகர்த்தித் துண்டு துண்டாகப் பார்த்தார். அரை இஞ்ச் பைப்புக்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற மாதிரிதான் எல்லாம் தெரிகிறது என்று அவரே சொன்னார்.

"நடுவுல இது என்னப்பா?"

"ஐலண்ட் அங்கிள். தீவு மாதிரி."

"தீவுன்னா படகு வேணுமே. அதான் வெளிய கடல் வச்சிருக்கியா?"

டீச்சர் சிரிக்கவில்லை. அங்கிளின் தலை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. சோபா பக்கத்தில் கோட்டு சூட்டு போட்ட ஒருவன் காபிக் கோப்பையோடு நின்றான்.

"இவரு யாரு?"

"சும்மா ஒரு ஆள் அங்கிள். சைஸ் தெரியறதுக்காக."

"நல்லா பளபளன்னு இருக்காரு. இவருக்குக் கண்ணு தெரியுதுல்ல?"

நான் பழத்தை உரிப்பதில் மும்முரமானேன். டீச்சர் லேப்டாப்பை மூடினார். "பிரிண்ட் எடுத்து அளவெல்லாம் போட்டுக் குடு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கிரவுண்டுக்கு வா. டேப் கொண்டா."

"கிரவுண்டுக்கா? எதுக்கு டீச்சர்?"

"வீட்ட நடந்து பாக்க வேண்டாமா?"

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது டீச்சர் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தார். ஓட்டப் பந்தயத்துக்குக் கோடு போடும் அதே வண்டி. கபடிக் களத்துக்குப் பக்கத்தில் என் பிளான், ஒரு அடிக்கு ஒரு அடி, முழு அளவில் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச் சுவருக்கு ஈட்டிகளை நட்டு இடுப்பு உயரத்தில் கயிறு கட்டியிருந்தார். முன் வாசலுக்கு உயரம் தாண்டும் கம்பங்கள் இரண்டு. கட்டிலுக்கு ஒரு பெஞ்சு. என் தீவுக்கு வகுப்பறை டெஸ்க் இரண்டு. கக்கூஸுக்கு ஒரு கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி. பேப்பரில் விரல் நீளம் இருந்த ஹால், தரையில் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது.

அங்கிள் பெஞ்சில் படுத்தார். டீச்சர் ரெட் ஹவுஸ் துணியால் அவர் கண்ணைக் கட்டினார். விசில்.

"மணி காலை ஆறரை! எந்திரிங்க! பாத்ரூமுக்குப் போங்க!"

"இரும்மா, ஞாயித்துக்கிழமையாச்சும் செத்த நேரம் தூங்க விடு."

"எந்திரிங்க!"

எழுந்தார். கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார். நாலு அடி நேராக வைத்தார். அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் இல்லை. உடம்பு தானாக வலது பக்கம் ஒதுங்கியது. தீவில் இடுப்பு முட்டியது. தீவைத் தொட்டுக்கொண்டே சுற்றினார், ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று. கையை எடுத்தபோது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. மறுபடி நடந்தவர் மொத்த வீட்டுக்கும் நடுவில் போய் நின்றார். இரண்டு கையையும் விரித்துத் துழாவினார். காற்றுதான் கிடைத்தது.

"டீச்சர்," மெதுவாகத்தான் கேட்டார், "சுவரு எங்க போச்சு?"

அவரும் மனைவியை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"சுவர் இல்லாததுதான் அங்கிள் டிசைனே" என்றேன் நான். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது.

டீச்சர் அங்கிளின் கண்கட்டை அவிழ்த்து என் கண்ணில் கட்டினார். "நீ கட்டுன வீடுதான? சமையக்கட்டுக்குப் போயி ஒரு டம்ளர் தண்ணி எடுத்துட்டு வா."

ஜம்பமாகக் கிளம்பினேன். எண்ணி எண்ணி அடி வைத்தேன். இதோ சமையலறை என்று உறுதியாக நின்று கையை நீட்டினேன். நாற்காலி தட்டுப்பட்டது. கக்கூஸ். அங்கிருந்து திரும்பிய வேகத்தில் கயிறு இடுப்பில் தடுக்கி விழுந்தேன்.

"இப்பவும் கட்டை மாதிரித்தான் விழுற" என்றார் டீச்சர்.

அங்கிள் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு அவர்தான் சொன்னார், மில்லில் பைப் லைன் போட்ட ஆள் சொல்கிற மாதிரி, கச்சிதமாக. "அப்பு, எனக்கு இடம் வேணாம். லைன் வேணும். கட்டில்ல இருந்து இறங்கி இடது கையைச் சுவத்துல வச்சா, எடுக்காமயே பாத்ரூம் வரைக்கும் போயிரணும். நடுவுல இருக்கிற வாசலை எல்லாம் அந்தச் சுவத்தோரமா ஒதுக்கிரு. நிலைப்படியச் செதுக்கித் தரையோட தரையாக்கிரு. கொல்லையிலயும் சுவரை இழுத்துக் கூரையப் போடு. முடிஞ்சது."

முடிந்தது. மூன்று வாசல், மூன்று நிலைப்படி, ஒரு சுவர். நாலு வருடம் படித்த நான் கடலோடு போட்டுக் கொடுத்த வீடு, ஒரு மனிதர் பெஞ்சில் உட்கார்ந்து சொன்ன ஏழு வாக்கியத்தில் காலி. ஆபீசில் இன்ஜினியர் சாரிடம் சொன்னேன். "அந்தாளை வேலைக்கு வச்சுக்கிட்டு உன்னைய அனுப்பிரலாம் போலயே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார் என்று இன்றுவரை நம்பி வருகிறேன்.

பிளான் முடிந்தாலும் டீச்சர் முடியவில்லை. அடுத்தடுத்து நாலு ஞாயிறு கிரவுண்டில் வீடு எழுந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு வாசல் அரை அடி நகரும். அங்கிள் எழுவார், நடப்பார், டீச்சர் கூடவே நடப்பார். "இடது. இன்னும் ரெண்டு எட்டு. நில்லுங்க. கதவு. இப்பத் திரும்புங்க." ஒரு நொடி வாய் ஓயாது. வீட்டிலும் அதேதான் என்று தெரிந்தது. தினமும் ஒருவேளை கண்ணைக் கட்டிச் சாப்பிட வைக்கிறாராம். அதோடு விடவில்லை. தானும் கண்ணைக் கட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கிப் பார்த்திருக்கிறார். இடது கை விரல் இரண்டில் பிளாஸ்டர்.

"நான் குருடாகறதுக்கு முந்தியே இவ ஆயிட்டா அப்பு" என்றார் அங்கிள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நாலாவது ஞாயிறு சிரிப்பு வரவில்லை. கண்ணைக் கட்ட டீச்சர் துணியோடு வந்தபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். எதிரே சிறுமலை, நல்ல வெயிலில் பச்சையாக இருந்தது. அவர் தலையை மெல்ல நகர்த்தி அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எனக்கு இன்னும் தெரியுதும்மா. தெரியுற வரைக்குமாச்சும் விடேன்."

டீச்சர் துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அன்று ஒத்திகை இல்லை. கயிறு சுற்றும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு இருவரும் வண்டியில் கிளம்பிப் போனார்கள். நான் ஈட்டிகளை ஒன்றொன்றாகப் பிடுங்கினேன். ஒன்று காலில் விழுந்தது. பார்த்துச் சிரிக்கக்கூட ஆளில்லை.

அடுத்த ஞாயிறு கடைசி ஒத்திகை. மறுநாள் திங்கட்கிழமை கொத்தனார் சுவரில் சுத்தியல் வைக்கிறார். அதற்குமேல் கோட்டை அழித்துப் போட முடியாது. அங்கிளே துணியை வாங்கிக் கண்ணில் கட்டிக்கொண்டார்.

"அப்பு, நல்லா இறுக்கு. டீச்சர், இன்னைக்கு நீ இருக்காத."

"நான் எங்க போறது?"

"காலையில எட்டேகால்ல இருந்து சாயங்காலம் வரைக்கும் நீ எங்க இருப்ப? அங்க போ."

"ஸ்கூல்ல இருப்பேன். இதான ஸ்கூலு!"

"இது வீடு. கோடு போட்டது நீதான?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் ஒத்திகை பார்த்தவர் இந்த ஒன்றைப் பார்க்கவில்லை. பகலெல்லாம் அந்த வீட்டில் அவர் இருக்கப் போவதில்லை. இத்தனை ஞாயிறும் அவர் குரலைப் பிடித்துக்கொண்டுதான் அங்கிள் நடந்திருந்தார்.

"நீ நடக்கச் சொன்னா நான் நடந்துருவேன். அது தெரியும். நீ சொல்லாட்டி நடக்கறனான்னு இன்னைக்கே தெரியணும். நாளைக்கு இடிச்சிருவாங்க."

டீச்சர் மெயின் கேட் வரை போய் ரோட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். என்னை மட்டும் வீட்டுக்குள், சமையலறை மூலையில், வாயைத் திறக்கக் கூடாது என்ற உத்தரவோடு நிறுத்தியிருந்தார்கள். அங்கிள் எழுந்தார். இடது கையில் கயிறு. முதல் வாசல், இரண்டாவது வாசல், கொல்லை, நாற்காலி. நாற்காலியைத் தட்டிப் பார்த்து "வந்துட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்பினார். இப்போது சுவர் வலது கையில். போகும்போது அவர் பிடித்து இழுத்ததில், சமையலறைக்கு அருகே ஒரு ஈட்டி சாய்ந்து கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது. அவர் கை காற்றில் நின்றது.

என் வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன். அவர் ஒரு அடி முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார். நின்றார். ரொம்ப நேரம் நின்றார்.

கேட்டிலிருந்து குரல் வந்தது, திரும்பாமலே. "ஏலே! ஏன் சத்தமே இல்ல?"

"நடக்குறாரு டீச்சர்!"

"பொய் சொல்லாத. எங்க நிக்கிறாரு? இல்ல, சொல்லாத. ஒண்ணும் சொல்லாத."

அங்கிள் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரையைத் தடவினார். கயிறு விரலில் பட்டது. அதை எடுத்து இழுத்து விறைப்பாக்கி, கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டே எழுந்து நடந்தார். அவர் முழங்கை என் சட்டையை உரசியது. டெஸ்க்கில் இருந்த சொம்பைத் தேடி எடுத்துத் தண்ணீர் குடித்தார். கொஞ்சம் சட்டையில் கொட்டியது. துடைத்துக்கொண்டு முன்வாசலுக்குப் போனார்.

அங்கே டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கேட்டில் நிற்க முடியாமல் ஓடி வந்திருந்தார். சரளையில் கேன்வாஸ் ஷூ சத்தம் எனக்கே கேட்டது என்றால் அவருக்குக் கேட்காதா? அங்கிள் கம்பத்தில் ஒரு கையை வைத்து நின்றார்.

"யாருங்க?"

டீச்சருக்கு மூச்சு வாங்கியது.

"டீச்சரம்மா ஸ்கூலுக்குப் போயிருக்காங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல வாங்க."

டீச்சர் கழுத்து விசிலைப் பிடித்தார், விட்டார். இதற்கு அவரிடம் வசனம் இல்லை. பழகியிருக்கவில்லை.

"சரிங்க" என்றார் கடைசியில். யாரோ மாதிரி ஒரு குரல். "சும்மா, பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"பாத்தாச்சுல்ல? கிளம்புங்க. வேலை கெடக்கு எனக்கு."

டீச்சர் திரும்பி நடந்தார். பாதி தூரத்தில் நின்றார். திரும்பிப் பார்க்காமலே மறுபடி நடந்து கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார். அங்கிள் இல்லாத கதவைச் சாத்தினார். இல்லாத தாழ்ப்பாளையும் போட்டார்.

உள்ளே நான் மாட்டிக்கொண்டேன். கோட்டைத் தாண்ட ஒரு எட்டு போதும். கயிற்றுக்குக் கீழே குனிந்தால் வெளியே கிரவுண்டு. அந்த ஒரு எட்டை என்னால் வைக்க முடியவில்லை.

"அங்கிள்," என்றேன், "கதவைக் கொஞ்சம் திறங்க. நான் வெளிய போகணும்."